வியாழக்கிழமைக் கட்டில்

மகளுக்கு ஆறாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. மாரி விடாமல் பெய்து, வாவித் தண்ணீர் எங்கள் பின்வேலி வரைக்கும் ஏறி நின்றது. வீட்டில் நாங்கள் இருவரும் பகலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு திரிந்தோம். அவளுக்கு மட்டும் நெற்றியில் வியர்த்தது. பால் குடிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகாது, மயிர்க்கரையோரம் நீர் துளித்துளியாகக் கோத்து நிற்கும். வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவாள். மறுபடியும் இரண்டு இழுவை. அதோடு களைத்துத் தூங்கிவிடுவாள்.

முதல் பிள்ளை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறொன்று தெரியாது. பிள்ளை பார்க்க வந்தவர்கள், "பச்சப்புள்ள அப்பிடித்தான் கா, போகப்போகச் சரியாகும்" என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் பகுதிக்கான குடும்பநல மாது ஒருநாள் காலையில் மழை அங்கியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பிள்ளையின் நிறையை அளந்தார். கிளினிக் அட்டையில் இருந்த நிறைக் கோட்டைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "பால் குடுங்க மகள், நான் பாக்கிறன்" என்றார். நான் கொடுத்தேன். அவர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கைமணிக்கூட்டில் எண்ணினார். எண்ணி முடித்து, திரும்பவும் ஒருதரம் எண்ணினார்.

"இண்டைக்கே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"நாளைக்குப் போனாக் காணாதா மிஸ்? அவர் வலைக்குப் போயிட்டார்."

"ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க. நீங்க வெளிக்கிடு மட்டும் நான் இஞ்சதான் நிக்கிறன்."

அவர் உண்மையாகவே நின்றார். வேறு வீடுகளுக்குப் போக வேண்டியவர். எங்கள் வீட்டு வாசலில் ஈர அங்கியைக் கழற்றாமல், கணவரின் தோணி கரைக்கு வரும்வரை நின்றார். அந்தப் பெண் அன்று நின்றிராவிட்டால் நான் ஒருநாளல்ல, ஒரு கிழமையையே கடத்தியிருப்பேன்.

எங்கள் வீடு ஆரையம்பதியில் வாவிக்கரைப் பக்கம். நான் ஊர் நூலகத்தில் வேலை செய்கிறேன். கணவர் வாவியில் வலை போடுகிறவர். மருத்துவம் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது பனடோலும் பிளாஸ்டரும்தான். மட்டக்களப்பில் பிள்ளையின் நெஞ்சில் பசை தடவி ஸ்கான் செய்த டொக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நான்கு அறைகள் வரைந்தார்.

"நுரையீரல்ல சுத்தமாகிற இரத்தம் நாலு குழாய் வழியா இடது பக்க மேலறைக்கு வரணும். அங்கயிருந்துதான் உடம்பு முழுக்கப் போகும். இந்தப் பிள்ளைக்கு அந்த நாலு குழாயும் ஒண்டாச் சேர்ந்து, மேல போய்ச் சுத்தி, வலது பக்கத்தில விழுது."

"அப்ப உடம்புக்கு என்ன போகுது?" என்று கணவர் கேட்டார்.

"ரெண்டு மேலறைக்கும் நடுவில ஒரு ஓட்டை இருக்கு. கலந்த இரத்தம் அதுக்கால இடது பக்கம் போய் உடம்புக்குப் போகுது. ஓட்டை எண்டா கெட்டது எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. இவவ இவ்வளவு நாள் வைச்சிருந்தது அந்த ஓட்டைதான்."

இது மிகச் சில பிள்ளைகளுக்கே வரும் குறை என்றார். நான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதாலும் இல்லை, தூக்கியதாலும் இல்லை, விழுந்ததாலும் இல்லை, யாருடைய பிழையுமில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். அதை நம்ப எனக்கு வருடங்கள் எடுத்தன.

கணவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து நீண்ட நேரம் பார்த்தார். "அந்த நாலையும் போக வேண்டிய இடத்துக்குத் திருப்பி விட ஏலுமா டொக்டர்?"

"ஏலும். அதுதான் ஒப்பரேஷன். ஆனா கொழும்பில."

அம்புலன்ஸில் பகல் முழுக்கப் போனோம். கொழும்பு ஆஸ்பத்திரி வார்டில் தாய்மார் மட்டும்தான் பிள்ளையோடு தங்கலாம். கணவர் தெரிந்த ஒருவரின் அறையில் படுத்து, பார்வை நேரத்தில் வந்து போனார். நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மகளின் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். டொக்டர்மார் கூட்டமாக வந்து சிங்களத்தில் பேசினார்கள். என்னிடம் ஏதோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லத்தான் காணும். இங்கிலீஷ் புத்தக முதுகுகளில் தலைப்பு வாசிப்பேனே தவிர, காதில் விழும் வேகத்துக்கு என்னால் பிடிக்க முடியாது. நூலகத்தில் வேலை செய்கிறவள் வாயில்லாதவளாக நின்றேன்.

"கடைசியாப் பால் குடிச்சது எப்ப எண்டு கேக்காரு."

பக்கத்துத் தொட்டிலடியிலிருந்து குரல் வந்தது. தலையில் கறுப்பு முக்காடு, மடியில் நாலு மாத ஆண்பிள்ளை. நான் நேரத்தைச் சொன்னேன். அவர் அதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொன்னார். டொக்டர் அடுத்ததைக் கேட்டார். பத்து நிமிடம் அப்படியே போனது. டொக்டர்மார் போன பிறகு அந்தப் பெண், "எந்த ஊர் கா?" என்று கேட்டார்.

"ஆரையம்பதி."

அவர் சிரித்தார். "நான் காத்தான்குடி. பக்கத்துல இரிந்துக்கிட்டு இஞ்ச வந்தா சந்திக்கிற?"

எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் இடையில் ஆறுமில்லை, வயலுமில்லை. ஒரு மதிலோடு ஒன்று முடிய மற்றது தொடங்கும். தீபாவளிக்குத் துணி எடுக்க நான் காத்தான்குடிக்குத்தான் போவேன். ஆனால் அங்கே ஒரு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்ததில்லை. சண்டை நடந்த கெட்ட காலத்தில் எங்கள் தமிழ் ஊரிலும் அவர்களுடைய முஸ்லிம் ஊரிலும் ஆட்கள் செத்தார்கள். என் அப்பாவின் அண்ணன் ஒருவர் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்திலும் அப்படி இருந்தது. வார்டில் இருந்த நாட்களில் ஒரேயொரு தடவை அதைப் பற்றிப் பேசினோம். நான் பெரியப்பாவைச் சொன்னேன். அவர் தன் மாமாமார் இருவரைச் சொன்னார். பிறகு இருவரும் பிள்ளைகளின் துணியை மடித்தோம்.

அவரை நான், அவர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல ராத்தா என்றும், என்னை அவர் தங்கச்சி என்றும் கூப்பிடத் தொடங்கியது எந்த நாளில் என்று நினைவில்லை. அவருடைய சிறுவயதில் வாப்பா ஒரு சிங்கள ஊரில் புடவைக் கடை வைத்திருந்தாராம். பத்து வயது வரைக்கும் அங்கே விளையாடியதில் வந்த சிங்களம் என்றார். அவருடைய கணவர் கட்டாரில். மகனுக்கு இருந்த குறையை அவர் என்னிடம் இரண்டு விரலைக் காட்டி விளக்கினார்.

"இருதயத்தில இருந்து ரெண்டு பெரிய குழாய் வெளிய போகணும். ஒண்டு உடம்புக்கு, ஒண்டு நுரையீரலுக்கு. இவனுக்கு ரெண்டும் ஒண்டா இரிக்கி." ஒரு விரலை மடித்துக்கொண்டார். "பிரிச்சு, நுரையீரலுக்கு வேற குழாய் வெச்சுத் தைக்கணுமாம். இவன் வளர வளர அதயும் மாத்தணுமாம்."

பிறந்த கையோடு செய்திருக்க வேண்டிய ஒப்பரேஷன். பிள்ளைக்கு மாறி மாறி நெஞ்சுச் சளி வந்து தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. இப்போது சளி இல்லை. வருகிற வியாழக்கிழமை அவனுக்கு நாள் குறித்திருந்தார்கள். ராத்தா அந்த நாளை ஒரு கல்யாண நாளைப் போல எண்ணிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அதற்கடுத்த கிழமை என்றார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மகளின் உதடு சாம்பல் நிறமானது. அழுதும் சத்தம் வரவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவி இடைவிடாமல் ஒலித்தது. தாதிமார் ஓடிவந்து ஒட்சிசன் முகமூடியை வைத்தார்கள். என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய டொக்டர் வந்தார். ஸ்கான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கேயே பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் அவர் என்னிடம் திரும்பி, நிதானமாக, நீளமாகச் சொன்னார். ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அந்த நாலு குழாயும் சேந்து போற இடம் ஒடுங்கிட்டாம். ரெத்தம் வடியாம நுரையீரல்ல தண்ணி நிக்கிதாம். இனிப் பொறுக்க ஏலாதாம். நாளைக்குக் காலம்புற முதலாவதா எடுக்கிறாங்களாம்." மூச்சை எடுத்தார். "இன்னும் சொல்றாரு. இந்த நிலைமயில செய்றதால உசிருக்கு உத்தரவாதம் சொல்ல ஏலாதாம். அத நான் ஒங்களுக்கு மறைக்கப் போறல்ல தங்கச்சி. செய்யாட்டியும் ஏலாதாம்."

நான் தலையாட்டினேன். டொக்டர் பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்து நேராக ஏதோ சொன்னார். இரண்டு வசனம் இருக்கும். குரலைத் தாழ்த்திச் சொன்னார். ராத்தா மகனின் தொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஹா" என்றார். சிங்களத்தில் சரி என்பதற்கு அந்தச் சொல் என்று எனக்கும் தெரியும். அவருடைய மகனைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். அது பிழையில்லைத்தான்.

கையெழுத்து வைக்கக் கொண்டுவந்த தாளில் தமிழும் இருந்தது. நான் வாசிக்கவில்லை. ராத்தா விரலை வைத்துக் காட்டிய இடத்தில் வைத்தேன்.

காலையில் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் தாதி மகளின் கைக் கறுப்பு வளையலையும் அரைநாணையும் கத்தரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கன்னத்தில் நான் வைத்த மைப்பொட்டை ஈரத் துணியால் துடைத்தார். ஒன்றுமில்லாமல் கிடந்தாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது. ராத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும், உடம்பைக் குளிர வைத்து, இருதயத்தை நிறுத்திவிட்டு, ஒரு மெஷின் இரத்தத்தை ஓட்டும்போதுதான் அந்தக் குழாயை வெட்டி இடது அறையோடு தைப்பார்களாம். ஓட்டையையும் அடைப்பார்களாம். இருதயம் நிற்கும் என்பதை அவர் எனக்கு முதல்நாளே சொன்னார். வேறு யாராவது சொல்லி நான் அதிர்ந்துவிடக்கூடாது என்று.

மத்தியானம் தாண்டித்தான் டொக்டர் வெளியே வந்தார். தொப்பி அழுந்திய இடத்தில் நெற்றியில் சிவப்புக் கோடு. அவர் சொன்னதை ராத்தா சொல்ல முதலே அவருடைய கை என் கையை இறுக்கியதில் எனக்கு விளங்கிவிட்டது. தைத்தாயிற்று. இருதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது. இனி அடுத்த நாட்கள்தான்.

அடுத்த நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போயின. ஒருநாளில் இரண்டு தடவை, ஐந்து நிமிடம், கை கழுவி, அங்கி போட்டுப் பார்க்கலாம். தொடக்கூடாது. தொட்டால் திடுக்கிட்டு அழுவாள், அழுதால் நுரையீரல் குழாய்கள் இறுகிவிடும் என்றார்கள். என் பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நான் அவளைத் தொடாமல் நின்றேன். அதைவிடக் கடினமான வேலை நான் செய்ததில்லை.

இரண்டாம் நாள், அங்கிருந்த தாதி ஒருவர் கொஞ்சம் தமிழ் பேசினார். மகளின் குழாய்களைச் சரி செய்துகொண்டே கதைத்தார். "உங்க பக்கத்து பேபிக்கு பாவம். நேத்து அவர்தானே வர இருந்த. இந்தக் கட்டில் அவருக்கு வச்சது. இப்ப கட்டில் வேற இல்லை."

நான் வார்டுக்குத் திரும்பி வந்தபோது ராத்தா மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, அண்டைக்கு டொக்டர் உங்களுக்குச் சொன்னது என்ன?"

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. "ஆரு சொன்ன?"

"அங்க இருக்கிற மிஸ்."

"ஒரு கட்டில்தான் இரிக்கி, ஒங்கட புள்ள பொறுக்கும், இந்தப் புள்ள பொறுக்காது எண்டு சொன்னாரு. மன்னிச்சுக்கங்க எண்டும் சொன்னாரு."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க வேணாம் எண்டு சொல்லியிருப்பீங்களா?"

நான் அவர் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன்.

"சொல்லியிருக்க மாட்டீங்க. நானும் சொல்லியிருக்க மாட்டன். அப்ப அதச் சொல்லி என்ன செய்ற? ஒங்களுக்கு இரிந்த பாரம் போதும்." பிறகு, "நானாக் குடுத்தது இல்ல தங்கச்சி. டொக்டர் முடிவெடுத்தாரு. நான் 'ஹா' எண்டு சொன்னன். அவ்வளவுதான்" என்றார்.

ஐந்தாம் நாள் மகளுக்கு மூச்சுக்குழாயை எடுத்தார்கள். ஏழாம் நாள் அவள் என் கைக்கு வந்தாள். நெஞ்சின் நடுவில் நீளமாக ஒட்டியிருந்த வெள்ளைத் துணிக்குள் எல்லாம் மறைந்திருந்தது. பாலை இழுத்து இழுத்துக் குடித்தாள். ஒரு மூச்சில் பத்து மிடறு. நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டு தலையை நிமிர்த்தியபோது, ராத்தா மகனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது.

திரும்பவும் நெஞ்சுச் சளி. சளியோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது. பத்து நாளுக்கு மேல் போனது. அந்த நாட்களில் ராத்தா எனக்கு மொழிபெயர்ப்பதை விடவில்லை. மகளுக்கு எந்த மருந்து எத்தனை மில்லிலீற்றர், எப்போது, எல்லாவற்றையும் கேட்டுச் சொன்னார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. கட்டாரிலிருந்து கணவர் எடுக்கும்போது தொலைபேசியைக் கொண்டு வெளிவராந்தாவுக்குப் போய்விடுவார். நான் பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்கவில்லை.

மகனை ஒப்பரேஷனுக்கு எடுத்த நாளில் நான் தியேட்டர் வாசலில் அவரோடு நின்றேன். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. சும்மா நின்றேன். ஒப்பரேஷன் முடிந்து பிள்ளை உயிரோடுதான் வெளியே வந்தான். தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் நுரையீரலில் அழுத்தம் இறங்கவில்லை. இத்தனை மாதம் கூடிய வேகத்தில் இரத்தம் பாய்ந்து அந்தச் சின்னக் குழாய்கள் தடித்துவிட்டனவாம். மூன்றாம் நாள் மத்தியானம், வார்டில் தாய்மார் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ராத்தாவைக் கூப்பிட்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது அழுதபடி வரவில்லை. பையை இழுத்து வைத்து, துணிகளை அடுக்கினார். மகனின் தொப்பியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். அவருடைய அண்ணன் வந்து வெளியே நின்றார். பிள்ளையின் ஜனாஸாவைச் சுணக்காமல் ஊருக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டும். நான் மகளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.  அவர் என் கையை ஒருதரம் பிடித்தார். விட்டார். என் மகள் கிடந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. மற்றப் பக்கத்தால் சுற்றி வாசலுக்குப் போனார்.

நாங்கள் ஊருக்கு வந்த பிறகு முதல் மூன்று மாதம் யாரையும் பிள்ளைக்குக் கிட்ட விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சாட்டாக வைத்து நான் ராத்தாவைப் பார்க்கப் போகவில்லை. மூன்று மாதம் முடிந்தது. அதற்குப் பிறகும் போகவில்லை. வேலைக்குப் போகும் நாட்களில் பஸ் காத்தான்குடிப் பக்கம் போவதைப் பார்ப்பேன். ஏறினால் சில நிமிடம். பிள்ளையைக் கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? கொண்டு போனால் காட்ட வந்தது போலிருக்கும். விட்டுவிட்டுப் போனால் ஒளித்தது போலிருக்கும். வெறுங்கையோடு போவதா, பழம் வாங்கிப் போவதா? என்ன பழம் வாங்குவது அப்படியான வீட்டுக்கு?

மகள் நிறை கூடினாள். உட்கார்ந்தாள். தவழ்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தோசப்பட்ட கையோடு எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, அவன் இருந்தால் இந்நேரம் நடப்பான் என்று. கணவரிடம் சொன்னபோது அவர், "போய்ப் பாத்திட்டு வா. அவ கதவடைச்சா வாசல்ல நிண்டிட்டு வா. போகாம இருக்கிறதுதான் பிழை" என்றார்.

ஊருக்கு வந்த ஏழாவது மாதம் ஒரு பின்னேரம், பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன். அன்று வார்டு வாசலில் அவருடைய அண்ணன் சொன்ன ஒழுங்கைத் தெருவைக் கேட்டுக் கேட்டுப் போனேன். ராத்தாவே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் பார்த்தார்.

"புள்ள எங்க?"

"கூட்டி வரல்ல ராத்தா."

"ஏன்? நான் கண்ணு வெச்சிருவன் எண்டா?"

"இல்ல. உங்களுக்கு நோகும் எண்டு."

"நோகும்தான்." கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க."

முன்வராந்தாவில் பாயில் இருந்தோம். தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்தேன்.  பிறகு அவர்தான் தொடங்கினார்.

"ஒண்டு சொல்லணும் ஒங்களுக்கு. சொல்லாம எனக்குத் தொழக்குள்ளயும் மனசு நிக்கிதில்ல. ஒங்கட புள்ள ஐ.சி.யூ.வில கிடந்த நேரம், ஒருநாள் நான் நினைச்சன், அந்தப் புள்ள மௌத்தாப் போனா நாளைக்கு என்ட புள்ளைக்குக் கட்டில் கிடைக்கும் எண்டு. ஒரு நிமிசம் இரிக்கும். மறுகா அல்லாட்ட அழுதன். ஆனா நினைச்சன்."

என் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். அவரிடம் சொல்ல எனக்கும் ஒன்றிருந்தது. அதை நான் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்கள அண்டைக்குக் கூப்பிட்ட நேரம், உங்கட முகத்தப் பாத்த உடன எனக்கு விளங்கிச்சு. முதல் வந்த நினைப்பு, போனது என்ட புள்ள இல்ல எண்டுதான். சந்தோசம் மாதிரி ஒண்டு. மறுகாதான் உங்கட புள்ளையில நினைப்பு வந்தது."

ராத்தா என்னைப் பார்த்தார். மகனுக்குக் காய்ச்சல் வந்த நாளுக்குப் பிறகு முதல்தரம் நேராகப் பார்த்தார். பிறகு முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழும்பும்போது, "வார வெள்ளிக்கிழம பின்னேரம் புள்ளயக் கூட்டி வாங்க" என்றார்.

கூட்டிப் போனேன். ராத்தா அவளை மடியில் வைத்திருக்கவில்லை, கொஞ்சவுமில்லை. பாயில் விட்டுவிட்டு எதிரே இருந்து, அவள் ஒரு பிளாஸ்டிக் மூடியை உருட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதோ நாலாவதோ தடவைதான் தூக்கினார்.  அது அவருடைய நேரம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ராத்தா திரும்பவும் கர்ப்பமானார். முன்னர் ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்ததால், வயிற்றிலிருக்கும்போதே பிள்ளையின் இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். கணவர் கட்டாரில். "நீங்க வாறீங்களா?" என்று கேட்டார். நான் லீவு போட்டேன்.

இருட்டறையில் அவர் படுத்திருக்க, நான் தலைமாட்டில் நின்றேன். திரை சுவரில் இருந்தது. "நான் பாக்க மாட்டன் தங்கச்சி. நீங்க பாருங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். சாம்பலுக்குள் ஏதோ அசைந்தது. எனக்கு என்ன விளங்கும்? ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. டொக்டர் ஒரு பெண், தமிழர். வெகுநேரம் கருவியை அங்கும் இங்கும் நகர்த்தினார். அந்த நேரம் முழுக்க ராத்தாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"நாலு அறையும் சரியா இருக்கு" என்றார் டொக்டர்.

"குழாய்?" ராத்தா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"ரெண்டு. தனித்தனியா, போக வேண்டிய பக்கம் போகுது."

ராத்தா இரண்டு விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். நான் "ஓம்" என்றேன். அந்தப் பிள்ளை, ஒரு மகள், சுகமாகப் பிறந்தாள். இப்போது என் வீட்டுக்கு வந்தால் என் மகளின் புத்தகங்களைக் கிழிக்கிறாள்.

என் மகள் முதலாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டியில் ஓடினாள், மூன்றாவதாக வந்தாள். வருடத்துக்கொருமுறை கொழும்புக்குப் போகிறோம். இப்போது நான் சிங்களம் படிக்கிறேன். டொக்டர் கேட்பதில் பாதிக்கு நானே பதில் சொல்வேன், மிச்சத்துக்கு ராத்தாவைத் தொலைபேசியில் பிடிப்பேன்.

இந்த வருடம் ஸ்கான் வழமையைவிட நீண்டது. தைத்த இடத்தில் ஒரு பக்கம், இரத்தம் போகும் வேகம் சற்றுக் கூடியிருக்கிறதாம். பிள்ளை வளரும்போது தையல் வளராமல் ஒடுங்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். டொக்டர் சொன்னது எனக்கு நேராகவே விளங்கியது. இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள். கூடியிருந்தால், உள்ளே பலூன் விட்டு விரிப்பதா, நெஞ்சைத் திரும்பத் திறப்பதா என்று அப்போது யோசிப்போம்.

வெளியே வந்து ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆறு மாசம் எண்டா எந்த மாசம்?" என்றார். சொன்னேன். "நோன்பு முடிஞ்சிரும். நானும் வாறன்" என்றார்.

திரும்பி வரும்போது ஹபரணைக்குக் கிட்ட பஸ் நின்றது. வீதியோரம் பெண்கள் சோளம் அவித்து விற்றார்கள். மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சன்னலோரம் இருந்து, உப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிய, ஒரு மணியும் விடாமல் தின்றாள்.

"அம்மா, இன்னொண்டு."

கணவர் இறங்கிப் போய் வாங்கி வந்தார்.